வீட்டு வைஃபை இணைப்பில் பழுது காணும் முறை

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் விதையன்று, உரமன்று, கிணற்றுக் கடனுமன்று. வீடுகளில் வைத்திருக்கும் வைஃபை இணைப்பு அடிக்கடி நின்றுவிடுவது எதனால், அதன் பழுது எங்கே இருக்கிறதென்று நாமே கண்டுகொள்வது எப்படி என்பதே பொருள். வளர்ச்சி அலுவலகத்தாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் விற்பதற்கு முன்பதிவு செய்வதும், பட்டா நகல் எடுப்பதும், பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அந்த நாளில் இணைப்பு நின்றுபோனால், மறுநாள் அது வந்து என்ன பயன்?

கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் "நெட் நிற்பதில்லை, ஐயா" என்ற முறையீட்டைக் கேட்டு வருகிறோம். முறையீடு ஒன்றாக இருப்பது போலவே, அதற்கு மக்கள் தேடிக்கொள்ளும் பரிகாரமும் ஒன்றாகவே இருக்கிறது. மாதக் கட்டணத்தை உயர்த்தி அதிக வேகமுள்ள திட்டத்திற்கு மாறுகிறார்கள்; அதுவும் பயன் தராவிடில் புதுப்பெட்டி வாங்குகிறார்கள்; அதற்கும் பிறகு கம்பெனியையே மாற்றுகிறார்கள். பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்னரே பணம் போய்விடுகிறது. கடைமடையில் உள்ள வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் எந்த விவசாயியும் அணையில் கூடுதலாகத் திறக்கச் சொல்லி முதலில் ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோரமாக நடக்கிறான். எந்த இடம் வரையில் தண்ணீர் இருக்கிறது, எந்த இடத்திற்குப் பிறகு இல்லை என்று பார்க்கிறான். உடைப்பு அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். இணையத்திற்கும் நாம் செய்ய வேண்டியது இவ்வளவே.

இந்த வாய்க்காலில் மூன்று பகுதிகள் உண்டு. கம்பெனியின் நிலையத்திலிருந்து தெருக் கம்பங்களின் மீது வந்து வீட்டுச் சுவருக்குள் நுழையும் ஃபைபர் கம்பி முதற்பகுதி. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியும் அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரும் இரண்டாம் பகுதி. இப்பெட்டியைச் சிலர் மோடம் என்கிறார்கள், சிலர் ரௌட்டர் என்கிறார்கள், நாம் பெட்டியென்றே சொல்வோம். பெட்டியிலிருந்து கைப்பேசி வரையில் உள்ள வெற்றுவெளி மூன்றாம் பகுதி. வைஃபை என்ற பெயர் இந்த மூன்றாம் பகுதிக்கு மட்டுமே உரியது. நம் மக்கள் மூன்றையும் சேர்த்து வைஃபை என்று அழைப்பதால்தான் குழப்பமே உண்டாகிறது.

ஒரு கிராமத்தில் வயதான தாயார் ஒருவர் எமது விரிவாக்க அலுவலரிடம், "தம்பி, கோடெல்லாம் நிறையத்தான் இருக்கிறது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். அலுவலர், "அம்மா, அந்தக் கோடு இந்தப் பெட்டிக்கும் உங்கள் கைப்பேசிக்கும் உள்ள உறவைத்தான் காட்டும். பெட்டிக்கும் வெளியுலகத்திற்கும் உறவு அறுந்துபோயிருந்தால் அது கோட்டிற்குத் தெரியாது" என்றார். இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல இயலாது. கோடு நிறைந்திருந்தும் எதுவும் திறக்கவில்லையென்றால் பழுது பெட்டிக்கு அப்பால் இருக்கக்கூடும். பெட்டியருகே நன்றாக வேலை செய்து, உள்ளறைக்குப் போனதும் தடுமாறினால் பழுது வீட்டுக்குள் இருக்கிறது.

ஆகையால் முதற்சோதனை, கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஐந்தாறு அடி தூரத்தில், இடையில் சுவர் ஏதுமின்றி நின்று பார்ப்பது. வேகம் அளக்கும் செயலி ஒன்றைக் கொண்டு அங்கே ஒருமுறை அளந்துவிட்டு, வழக்கமாகப் பயன்படுத்தும் அறையில் மறுமுறை அளக்க வேண்டும். கைப்பேசியில் சிம் கார்டின் டேட்டாவை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இல்லையேல் எந்த வழியின் வேகத்தை அளந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். இன்னும் உறுதியான சோதனை, பெட்டியின் பின்புறமுள்ள துளையில் லேன் கம்பியைச் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் செருகிப் பார்ப்பது. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பரணில் உறங்குகிறது. அதற்கு இப்படியொரு வேலை கொடுக்கலாம். கம்பி வழியே ஒழுங்காக வந்து, காற்றின் வழியே வரவில்லையெனில் கம்பெனியைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. கம்பி வழியேயும் வரவில்லையெனில், உள்ளறையில் எத்தனை சாதனங்களை வாங்கி மாட்டினாலும் பயனில்லை.

இங்கே ஒரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகள் வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்கின்றன. கைப்பேசியில் படமும் பாட்டும் 'பைட்' கணக்கில் இருக்கின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 எம்.பி.பி.எஸ். என்று விற்கப்படும் இணைப்பில் ஒரு விநாடிக்கு 5 மெகாபைட் வந்தால் வாக்குக் காப்பாற்றப்பட்டது என்றே பொருள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மேலும், பிராட்பேண்ட் என்று அழைப்பதற்குக் குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். இருக்க வேண்டுமென்று 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. அதற்கு முன்னர் அது 512 கே.பி.பி.எஸ். அளவிலேயே இருந்தது. விண்ணப்பம் அனுப்புவதற்கும், ஒரு பிள்ளை திரையில் பாடம் கேட்பதற்கும் விட்டுவிடாமல் வரும் ஐந்து எம்.பி.பி.எஸ். போதும். நூறு வாங்கி, விட்டுவிட்டு வருவதில் என்ன லாபம்?

பெட்டியின் முகப்பில் உள்ள சிறு விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது அடுத்த வேலை. எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்களின் அருகே உள்ள விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அறியலாம். பி.ஓ.என். என்ற விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தால் பெட்டி வரையில் ஒளி வந்திருக்கிறது. ஒளி என்று சொல்வது உவமையன்று. ஃபைபர் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. தலைமயிர் பருமன்தான் இருக்கும். அதற்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி ஓடுகிறது. ஆகையால் கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து உற்றுப்பார்ப்பது கூடாது. வேட்டித் தலைப்பால் அதைத் துடைப்பதும் கூடாது; அந்த முனையில் ஒட்டும் சிறு தூசும் விரலின் எண்ணெய்ப் பசையும் ஒளியை மறைக்கப் போதுமானவை. மிஞ்சிய கம்பியை அழகாக இருக்கட்டுமென்று டம்ளர் வாயைவிடச் சிறிய வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். கதவிடுக்கில் நசுங்கினாலும் அப்படியே. சிவப்பு விளக்கைக் கண்டதும், செருகி தளர்ந்திருக்கிறதா, கம்பி எங்கேனும் மடிந்தோ நசுங்கியோ இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்தால் பழுது தெருவில் இருக்கிறது. வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துப்போயிருக்கலாம், கிளை முறிந்து விழுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். பழுது பார்க்க வருபவரிடம் கருவியை வைத்து ஒளியின் அளவைக் காட்டச் சொல்லலாம். அது மைனஸ் எண்ணாக வரும். கடன் கணக்கைப் போல, எண் பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசம். மைனஸ் 20 என்றால் கவலையில்லை. மைனஸ் 27 என்ற எல்லையை நெருங்கிவிட்டால் இணைப்பு வருவதும் போவதுமாகத்தான் இருக்கும்.

விளக்கைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் 'ரீசெட்' என்ற துளை ஒன்று உண்டு. இணைப்பு நின்றால் யாரோ ஒருவர் துடைப்பக் குச்சியைக் கொண்டுவந்து அதில் குத்திவிடுகிறார். குத்தினால் கம்பெனியார் பதிந்துவைத்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். அரைமணி நேரத்தில் தானாகவே வந்திருக்கக்கூடிய இணைப்பு, ஆள் வந்து மறுபடியும் பதியும் வரையில் மூன்று நாட்கள் வராது. பெட்டியை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. அணைப்பதில் தீங்கில்லை. சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போட்டு, விளக்குகள் நிலைக்கும் வரை மூன்று நான்கு நிமிடம் காத்திருப்பது நல்ல பரிகாரமே. ஆனால் நாள்தோறும் அணைத்துப் போட்டால்தான் வேலை செய்கிறதென்றால் அது பரிகாரமாகாது, நோயின் அறிகுறி.

அந்த நோய் பெரும்பாலும் மின்சாரத்திலோ சூட்டிலோ இருக்கும். அடாப்டர் ஆடும் பிளக்கில் செருகப்பட்டிருந்தால், யாராவது பக்கத்தில் நடக்கும்போதெல்லாம் பெட்டி ஒரு கணம் அணைந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அணைந்தது கணநேரந்தான், ஆனால் இணைப்பு மீண்டும் வருவதற்குச் சில நிமிடங்களாகும். வீட்டிலுள்ளோருக்கு மின்சாரம் போனது தெரியாது, நெட் போனது மட்டும் தெரியும். எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து எரிகின்றனவா என்று கவனித்தால் இது விளங்கிவிடும். அடாப்டர் கெட்டுவிட்டால் டி.வி. பெட்டியின் அடாப்டரை எடுத்துச் செருகுவோரும் உண்டு. முனை பொருந்துவதால் அது பொருத்தமென்று ஆகிவிடாது. அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் எண் குறையாமல் இருக்க வேண்டும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் இப்பெட்டிக்கென்றே சிறு பேட்டரியோடு கூடிய யு.பி.எஸ். கிடைக்கிறது. அதிகக் கட்டணத் திட்டத்திற்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவதே விவேகம் என்பது நமது கருத்து. இன்னொன்று: பெட்டிக்குப் பூவேலைத் துணி போர்த்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். தூசு படியாதுதான், ஆனால் சூடும் வெளியேறாது. சித்திரை மாதத்து ஓட்டு வீட்டில் அந்தப் பெட்டிக்குப் போர்வை எதற்கு?

இனி மூன்றாம் பகுதிக்கு வருவோம். வீடுகளில் நாம் காணும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

பெட்டியிலிருந்து வருவது வானொலி அலையே. விளக்கின் வெளிச்சத்தைப் போலவே அது நாற்புறமும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சுவர் அதைத் தின்கிறது. ஒன்றரை அடிப் பருமனுள்ள பழைய மண்சுவர் மிகுதியாகத் தின்னும். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதனினும் மிகுதி. தகரமும் இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பியடித்துவிடும். தண்ணீரும் அலையை விழுங்கும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீரல்லவா? கிராமசபை நாளில் பஞ்சாயத்துக் கட்டடத்து வைஃபை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டி மேசை மேல் இருக்கிறது, நடுவில் நூறு பேர் அமர்ந்திருக்கிறார்கள். அதைச் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டிவிட்டால் அலை தலைகளுக்கு மேலாகப் போய்விடும்.

பெரும்பாலான பெட்டிகள் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். திருவிழா மேளத்தை ஊருக்கு வெளியே நின்று கேட்டால் உருமியின் முழக்கம் கேட்கிறது, ஜால்ராவின் ஓசை கேட்பதில்லை. அதுபோல 2.4 சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. ஐந்து வேகமாகச் செல்லும், இரண்டு சுவருக்குமேல் தாங்காது. பெட்டியுள்ள அறையில் ஐந்தையும், புழக்கடை அறையில் 2.4-ஐயும் பிடித்துக்கொள்வது முறை. சில பெட்டிகளில் இரண்டிற்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். கைப்பேசி தானே தேர்ந்துகொள்ளும். அது எப்போதும் சரியாகத் தேர்வதில்லை. பெயரைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும்படி இணைப்புக் கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வதற்கே அஞ்சல் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய தேசம் இது. முதியவர்களுக்கு நினைவிருக்கும். 2.4 அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் வேண்டாமென்று மத்திய அரசு விதி செய்தது 2005-ஆம் ஆண்டில். அதனால்தான் இன்று வீட்டிற்கு வீடு வைஃபை வைக்க முடிகிறது. ஆனால் புறம்போக்கு மேய்ச்சல் நிலத்தின் கதைதான். எல்லோருக்கும் உரிமை, ஆகையால் எல்லோருடைய மாடும் அங்கே மேய்கின்றது. பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த வரிசையில்தான் இயங்குகின்றன. மைக்ரோவேவில் உணவு சூடேறும் சில நிமிடங்களில் மட்டும் இணைப்புத் தடுமாறினால் காரணம் அதுவே. நம் பெண்மக்கள் பலர் வைத்திருக்கும் இண்டக்ஷன் அடுப்பின் மீது வீண்பழி சுமத்த வேண்டாம். அது இயங்கும் அலைவரிசை வேறு. சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கிய தெருக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. 2.4 வரிசைக்குள் 13 சேனல்கள் இருந்தாலும் பக்கத்துச் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றே. பத்து வீட்டுப் பெட்டிகளும் ஒரே சேனலில் பேசினால் சந்தை இரைச்சல்தான். எது நெரிசலற்றது என்று காட்டும் செயலிகள் கைப்பேசியில் உள்ளன. தோட்டத்தில் தனித்து நிற்கும் வீட்டிற்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

எமது வட்டாரத்தில் ஒரு விவசாயியின் மகள், பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவள் படிப்பது மாடியறையில். இரவில் கைப்பேசியோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தால்தான் பக்கம் திறக்கும். அதுவும் பாதியில் நின்றுவிடும். தந்தையார் இரண்டு முறை திட்டத்தை உயர்த்தினார். முன்னறை மூலையில், இரும்பு பீரோவின் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பெட்டி இருந்தது. அலை ஒருபுறம் பீரோவில் மோதி, மேலே கான்கிரீட் தளத்தைத் துளைத்து, இரண்டு சுவரையும் தாண்டி அந்தப் பெண்ணைச் சேர வேண்டும். அளந்து பார்த்தோம். பெட்டியருகே வாங்கிய வேகம் குறைவின்றி இருந்தது. மாடியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அணையில் தண்ணீரைக் கூட்டியவர் மடையைப் பார்க்கவில்லை. ஃபைபர் கம்பியைச் சற்று நீட்டி, பெட்டியை வீட்டின் நடுவில், மாடிப்படியின் வாய்க்கு எதிராகச் சுவரில் உயர்த்தி மாட்டினார்கள். தளத்தைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அலை படிவழியாக ஏறிற்று. அவள் தன் வரிசையைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்தாள். தந்தையார் அடுத்த மாதம் பழைய திட்டத்திற்கே திரும்பிவிட்டார். இணைப்புக் கொடுக்க வருபவர் கம்பி எங்கே நுழைகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம்; அவருக்கு அது சுலபம். அப்போதே, வீட்டின் நடுவில் மாட்டுங்கள் என்று கேட்பது நம் பொறுப்பு.

இடம் மாற்றியும் எட்டவில்லையென்றால் ரிப்பீட்டர் என்ற கருவியை வாங்கச் சொல்வார்கள். வாங்கியவர்கள் அதை அலை எட்டாத அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். தண்ணீர் வராத வயலில் இறைப்பெட்டியைக் கட்டி என்ன செய்வது? அலை இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் அதை மாட்ட வேண்டும். அலையின் வலுவையும் கைப்பேசிச் செயலியில் மைனஸ் எண்ணாகவே பார்க்கலாம்: 50-ஐ ஒட்டி இருந்தால் சிறப்பு, 70-ஐத் தாண்டினால் தடுமாற்றம், 80-ஐத் தாண்டினால் இல்லாததற்குச் சமம். மலிவான ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகையால் லேன் கம்பி இழுத்து இரண்டாவது பெட்டி வைப்பதே நமக்கு உகந்ததாகப் படுகிறது. அக்கம்பி 100 மீட்டர் வரையில் போகலாம். அதற்கு அப்பாலுள்ள மோட்டார் கொட்டகைக்கு வீட்டு வைஃபையை எதிர்பார்ப்பது வீண். அங்கே சிம் கார்டு போடும் கருவியே ஏற்றது. வெட்டவெளியில் இழுத்த லேன் கம்பி செம்பாலானது என்பதையும் இடிமழைக் காலத்தில் நினைவில் வைக்க வேண்டும். மின்னல் தொடங்குமுன் அதையும் அடாப்டரையும் கழற்றிவிட்டால் பெட்டி பிழைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மாலை வேளையில் மட்டும் இழுத்துக்கொண்டு போகிறதா? யார் யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோழிப் பண்ணையில் வைத்த காமிரா இரவும் பகலும் படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததால் வீட்டில் ஒன்றுமே திறக்காமல் போன வீட்டைப் பார்த்திருக்கிறோம். உள்ளே வரும் வழி அகலமாக இருந்தாலும், வெளியே போகும் வழி சில திட்டங்களில் குறுகலானது. அது அடைபட்டால் உள்ளே வருவதும் நின்றுவிடும். கடவுச்சொல்லைத் தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தால் திண்ணையில் இளைஞர் கூட்டம் கூடியிருக்கும். தானம் நல்லதுதான். ஆனால் அந்த இணைப்பின் வழியாக யாரேனும் தகாத காரியம் செய்தால் விசாரணை முதலில் இணைப்புக்கு உரியவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். ஒரே ஒரு கைப்பேசியில் மட்டும் வராமல் மற்றவற்றில் வந்தால், அந்தக் கைப்பேசியில் இணைப்பின் பெயரை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்த்தாலே போதும். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால் பழுது அந்தத் தளத்தில். கடைசி நாளன்று ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே நுழைந்தால் அரசாங்கத் தளங்களும் திணறத்தான் செய்கின்றன. இதை மறைப்பதில் பயனில்லை. அதற்காக வீட்டுப் பெட்டியைக் குத்தாதீர்கள்.

லேன் கம்பியில் பார்த்தும், வேறு எவரும் பயன்படுத்தாத வேளையிலும் வேகம் வரவில்லையென்றால் அப்போது கம்பெனியாரிடம் கண்டிப்பாகவே பேசலாம். அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வார காலம் குறித்துவைக்க வேண்டும்: தேதி, மணி, எந்த விளக்கு எந்த நிறம், பெட்டியருகே எவ்வளவு, கம்பியில் எவ்வளவு. "எப்போதும் வருவதில்லை" என்று சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் "அணைத்துப் போடுங்கள்" என்பதாகவே இருக்கும். "இந்தத் தேதிகளில், இந்த மணிக்கு, சிவப்பு விளக்கு" என்று சொல்பவருக்கு ஆள் வருவார். புகார் எண்ணைத் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ஆம் ஆண்டில் செய்த விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் புகார் மையமும், அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டு அமைப்பும் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குப் போக அந்தப் புகார் எண்தான் ஆதாரம். எண் இல்லாத புகார் கொடுக்காத புகாரே.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய் பதிக்கவும் வடிகால் வெட்டவும் ஜே.சி.பி. இறங்கும்போது பூமிக்குள் போகும் ஃபைபர் அறுபட்டு, ஒரு சிற்றூர் முழுவதும் பல நாட்கள் இணைப்பின்றி இருப்பதைக் காண்கிறோம். தோண்டுமுன் சொல்லி, கீழே என்ன இருக்கிறதென்று கேட்டறிவதற்காகவே மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் செயலி ஒன்றை வெளியிட்டது. 'கால் பிஃபோர் யு டிக்' என்பது அதன் பெயர். வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரர் அதில் பதிந்தாரா என்று கேட்டுவிட்டு வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள். தெருக் கம்பங்களில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளை அறுவடைக்கு முன் உயர்த்திக் கட்டும்படி கேபிள்காரர்களுக்கு எழுதிக் கேட்பதும் பஞ்சாயத்தின் வேலையே. வைக்கோல் லாரி வந்த பிறகு எழுதுவது வீண்.

எமது அலுவலகத்தில் இருபது மீட்டர் லேன் கம்பி இரண்டு சுருள் வாங்கி வைத்திருக்கிறோம். சோதித்துப் பார்க்க வேண்டுவோர் விரிவாக்க அலுவலரிடம் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று, இரண்டு நாட்களில் திருப்பித் தரலாம். பழைய பெட்டி ஒன்றும் வெளியே மேசை மேல் இருக்கிறது. விளக்குகளையும், கையை வைக்கக் கூடாத அந்தத் துளையையும் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.